சாயக்காவின் வெள்ளை

ஒரு பொட்டு ஊதா சேராமல் எந்த வெண்ணெயும் வெள்ளையாகாது. இது சாயக்காவின் கட்சி. எவ்வளவு நேரம் அடித்தாலும் வெண்ணெய்க்குள் ஒரு மஞ்சள் ஒளிந்துகொண்டுதான் இருக்கும். பல்குச்சி நுனியில் ஊதா ஜெல்லைத் தொட்டு, க்ரீமில் ஒரு கீறு கீறி மறுபடி அடித்தால், மஞ்சள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். போட்ட ஊதாவும் கண்ணில் படாது. "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுப் போயிடும், மிச்சம் வெள்ளை" என்பாள், யார் கேட்டாலும், சில சமயம் யாரும் கேட்காமலும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. பேக்கரியில் அவளைவிட மூத்த அடுப்பு அண்ணன்கூட சாயக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளியம்மாவும் அப்படியே.

அவள் ராஜ்ஜியம் பேக்கரியின் பின்கட்டில், அடுப்பறையைத் தாண்டி, ஒரு ஒடுக்கமான அறை. ஜன்னலை ஒட்டிக் கல்மேஜை. மேஜைக்கு மேலே பலகையில் கட்டைவிரல் உயரச் சாயக் குப்பிகள், தலைகீழாக நிற்க வைத்தவை, அப்போதுதான் ஜெல் மூடிப்பக்கம் இறங்கி நிற்கும். ட்யூப்லைட் பொய் சொல்லும் என்று பகலில் அதைப் போட விடமாட்டாள். ஜன்னல் வெளிச்சம்தான் சாட்சி.

சிவப்பை எடுத்தவுடன் கொட்டமாட்டாள். கொட்டினால் க்ரீம் கசக்கும். முதலில் ரோஸ் ஆக்கி, அதன்மேல் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவாள். கறுப்பு வேண்டுமென்றால் கோகோ போட்ட க்ரீமில் ஆரம்பிப்பாள், பாதி வழி தானாகவே வந்துவிடும். உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டுப் பக்கம் தண்ணீர்ச் சாயத்தைக் கொண்டுபோகவே கூடாது, திரிந்து கட்டி தட்டிவிடும், அதற்கு எண்ணெயில் கரைத்த சாயம்தான். பீட்ரூட் சாறு நல்லதுதானே என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "நல்லதுதான், அடுப்புக்குள்ள போற வரைக்கும். வெளிய வர்றப்போ செங்கல்லா வரும், பரவாயில்லையா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. கலக்கியவுடன் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது. நினைத்ததற்கு ஒரு படி குறைவாக நிறுத்தி, தட்டால் மூடி, விட்டுவிட வேண்டும். நேரம் போகப் போக நிறம் தானாக அழுத்தமாகும். "தூங்கி எழுந்திரிக்கட்டும்" என்பாள். நிறம் தூங்குகிற நேரத்தில் அவளும் முக்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி பாதித் தூக்கத்துக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணிகள் அசையும். அடுப்பறையிலிருந்து சர்க்கரை கருகுகிற வாசனை வரும். போர்வை எது, க்ரீம் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மயக்கம். அந்த மயக்கத்துக்காகவே அவள் இந்த வேலையை விடவில்லை. வீட்டுக்காரரிடம் இதை ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள்.

வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்காலம் அவள் வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் அன்றைய துணிகளை அவள் மடியில் போடுவார். எந்தத் துணிக்கு எந்த நூல் என்று நூல்கண்டுப் பெட்டியிலிருந்து அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "எனக்கு அளவுதான் தெரியும், நிறம் உன் டிபார்ட்மெண்ட்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இது நடக்கிறது.

சமீபகாலமாக மனிதருக்கு ஒரு புது நச்சரிப்பு. "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும்மா. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாயேன், உன்னையும் ஒரு தடவ பாத்துக்கலாம்" என்று ஆரம்பிப்பார்.

"உங்க கண்ணுக்கு என்ன கேடு? தெருவில போறவங்க வர்றவங்க ஒருத்தர் விடாம பாக்குதே!" என்று அவள் வாயை அடைத்துவிடுவாள்.

அப்படியிருக்கையில் முதலாளியம்மாவின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மூன்றடுக்குக் கேக். அடுக்கு முழுக்க வெள்ளை, மேலே வெள்ளை ரோஜாக்கள், வேறு எதுவும் கூடாது. "பாலு மாதிரி இருக்கணும் சாயக்கா. உங்கள நம்பித்தான்" என்று முதலாளியம்மா அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

சாயக்கா க்ரீமை அடித்தாள், ஒரு பொட்டு ஊதா வைத்தாள். மஞ்சள் போகவில்லை. இன்னொரு பொட்டு. இந்தத் தடவை வெண்ணெய் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மூன்றாவதும் வைத்தாள். அதற்குப் பிறகு வைத்ததை அவள் எண்ணவில்லை. கடைசியில் வெள்ளை வந்தது. அவள் ஆயுளில் அவ்வளவு சுத்தமான வெள்ளையைக் கலக்கியதில்லை. ரோஜாக்களைப் பிழிந்து முடித்துவிட்டுச் சற்று நேரம் அதன் முன்னால் சும்மா நின்றாள். மனசு நிறைந்திருந்தது.

மண்டபத்தில் கேக்கைத் திறந்ததும் கூட்டம் "அடடா" என்றது. கல்யாணப்பெண் வெள்ளை உடையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்வளவு அழகான கத்திரிப்பூ நிறம்!" என்றாள் யாரோ ஒரு அத்தை.

சாயக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். யார் புடவையைச் சொல்கிறார்கள்? கத்திரிப்பூ நிறத்தில் அங்கே எதுவுமே இல்லை. ஆனால் இன்னொருத்தியும் அதையே சொன்னாள், கேக்கைக் காட்டிச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "வெள்ளை டிரஸ் பக்கத்துல இந்த ஊதா, பிரமாதமான ஐடியா" என்றார்.

முதலாளியம்மா நேராக அவளிடம் வந்தாள். முகத்தில் கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தீர்மானம் இல்லை. "வெள்ளைதானே கேட்டேன்? உங்க இஷ்டத்துக்கு ஊதா போட்டுட்டீங்களே! பொண்ணுக்குப் பிடிச்சுப்போச்சு, தப்பிச்சீங்க" என்றாள்.

சாயக்கா மறுபடி கேக்கைப் பார்த்தாள். வெள்ளை. பாலைப் போல வெள்ளை. ஊரே கூடி ஒரு கனவு கண்டுகொண்டிருக்கிறது, தன்னை மட்டும் அதற்குள் சேர்த்துக்கொள்ளவில்லை என்று தோன்றியது. வீட்டுக்காரர் தன் வான நீலச் சட்டையில் தள்ளி நின்றிருந்தார். கேக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போய் இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நிறம் பிரிக்கத் தெரியாத சாயக்காவை யார் வைத்துக்கொள்வார்கள்? பெயரே போய்விடும். அந்த ஜன்னலும் மேஜையும் முக்காலியும் போய்விடும். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேக்கரிக்கு வந்து, அதே கத்திரிப்பூ நிறம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். தான் பார்த்தே இராத நிறத்தை அவள் எப்படிக் கலக்குவாள்? யோசித்ததில் வழி கிடைத்தது. கண்ணுக்கு வெள்ளையாகிற வரை ஊதா வைத்தால் போதும். வாங்கியவர்கள் "அச்சு அசல் அதேதான்" என்று மகிழ்ந்து போனார்கள். நிஜ வெள்ளை கேட்டவர்களுக்கு ஊதாவே தொடாமல், மஞ்சளோடு மஞ்சளாக அனுப்பினாள். அதையும் யாரும் குறை சொல்லவில்லை. உலகம் இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது.

அந்த நாட்களில் அவள் நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் நடந்த மாதிரிதான். தெருவிளக்குகளைச் சுற்றிப் பொன் வளையம். மத்தியான வெயில் தேன் ஊற்றியது போல வீடுகளின்மேல் வழியும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஒரு நாள் அடுப்பு அண்ணன் க்ரீம் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன சாயக்கா, பூவைத் தாண்டிக் காய்க்கே போயிட்ட? கத்திரிக்காய்த் தோலு மாதிரி இருக்கே" என்றார்.

அவளுக்கு அது அப்போதும் முழுசாக வெள்ளையாகியிருக்கவில்லை. இன்னும் ஒரு பொட்டு வைக்கத்தான் குச்சியைக் கையில் எடுத்திருந்தாள். குச்சியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். நேராக முன்கட்டுக்குப் போய் முதலாளியம்மாவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மேஜைத் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். பிறகு மெதுவாக, "அப்போ என் பொண்ணு கல்யாணத்துல நீங்க பாத்தது வெள்ளைக் கேக்கா?" என்றாள்.

"ஆமாம்மா. சத்தியமா வெள்ளை."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "மேஜை எங்கயும் ஓடிப்போகாது. போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க முதல்ல."

அன்று சாயங்காலம் அவளாகவே வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். தனக்குக் கண் மங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதித் தையலில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை என்றார். "உள்ளே இருக்கிற லென்ஸ் பழுப்பாயிடுச்சும்மா. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு உலகத்தப் பாத்திருக்கீங்க. எடுத்துட்டா சரியாயிடும். ஒரு கண்ணு முதல்ல, இன்னொண்ணு அப்புறம்."

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது நர்ஸின் பேனா மூடி. நீலம். இப்படி ஒரு நீலம் இருந்ததையே அவள் மறந்துபோயிருந்தாள். வலது கண்ணை மூடினால் அறை தேன் நிறத்துக்கு மாறியது. இடது கண்ணை மூடினால் சுவரெல்லாம் விடியற்காலை போல இருந்தது. குழந்தை மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

முதலாளியம்மா பார்க்க வந்தபோது ஒரு டப்பா கொண்டுவந்தாள். கல்யாணக் கேக்கின் க்ரீம் ரோஜா ஒன்றை நினைவுக்காக ஃப்ரீசரில் வைத்திருந்தாளாம். சாயக்கா வலது கண்ணால் பார்த்தாள். கத்திரிப்பூ. அதுவும் எப்படிப்பட்ட கத்திரிப்பூ! மழைக்கு முந்தின சாயங்காலத்து நிறம். இடது கண்ணால் பார்த்தாள். வெள்ளை. எதை நம்புவது என்று தெரியாமல் ரோஜாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது உருகி விரலிடுக்கில் வழிகிறவரை. "நல்லாத்தாம்மா பண்ணியிருக்கேன்" என்றாள் கடைசியில்.

வீட்டுக்கு வந்த அன்று வீட்டுக்காரர் காபி போடப் போனார். துவைத்த துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. மடித்து வைக்கலாம் என்று அவருடைய வான நீலச் சட்டையை எடுத்தாள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த அதே சட்டை. காலரைச் சுற்றி ஓடிய தையல் பச்சையாக இருந்தது.

அவள் வலது கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான். பொத்தான் துளைகளும் பச்சை. வெள்ளைச் சட்டையை எடுத்தாள், மஞ்சள் நூல். கருநீலக் கால்சட்டையில் அடியோரம் முழுக்கப் பழுப்பு நூல். எல்லாம் அவள் எடுத்துக் கொடுத்தவை. இவற்றைப் போட்டுக்கொண்டுதான் மனிதர் கடைத்தெருவுக்குப் போனார், கல்யாணத்துக்குப் போனார், ஒரு தையல்காரர்!

காபியோடு வந்தவர் அவள் மடியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க, கடைக்கு வந்தவங்க துணியெல்லாம்?" என்றாள்.

"அதெல்லாம் நீ வேலைக்குப் போனப்புறம் நூலை மாத்திட்டுத்தான் தைப்பேன். நம்ம பொழப்பாச்சே."

"அப்போ உங்களுக்கு நிறம் தெரியும்."

"நூல்கடைக்குப் பக்கத்துல பொறந்து வளர்ந்தவன்மா நான்."

"பின்ன உங்க சட்டையில மட்டும் ஏன் மாத்தல?"

அவர் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்தார். "அது நீ எனக்குன்னு எடுத்துக் குடுத்த நூல்" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கண்ணைக் காட்டலாம்னு எத்தனை தடவ கூப்பிட்டேன், வந்தியா நீ?" என்று பொய்க்கோபம் காட்டினார்.

அவள் அழுதாள். கண்ணில் நீர் படக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அவர் பதறிப்போய்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

நீலச் சட்டையின் கடைசிப் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. அவள் நூல்கண்டுப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். வான நீல நூல் மேலாகவே இருந்தது, சட்டைத் துணிக்கு அச்சாகப் பொருந்துகிற நீலம், இப்போது அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அதைத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த பச்சையை எடுத்து ஊசியில் கோத்தாள்.