தாழ்ப்பாள் மாமா

தாழ்ப்பாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில். தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் "தாழ்ப்பாள் வருது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஒதுங்கினார்கள். எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் எங்கள் வாசலில் கீரையும் கத்தரிக்காயும் நிரம்பிய பையை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல், யாரையும் கூப்பிடாமல், வந்த வழியே திரும்பிப் போனார். யார் அது என்று மாமியாரிடம் கேட்டேன். தம்பி என்றார். உள்ளே கூப்பிடலாமே என்றதற்கு, பையை எடுத்து வா, வெயிலில் கீரை வாடிவிடும் என்று பதில் வந்தது.

மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன் அவர். தாய் சீக்கிரமே போய்விட்டதால், மூத்தவளான என் மாமியார்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். பட்டாளத்தில் சேர்த்துவிட்டது அக்கா புருஷன், அதாவது என் மாமனார். நான் பார்க்காத மனிதர். பருத்த உடம்பு, ஓயாத வாய். சண்டை மூண்டு இருவரும் ஒரே அணியில் கிளம்பியபோது, மாமியார் புருஷனிடம் சொன்னது ஒன்றுதான். தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தானியக் கிடங்கில்தான் அந்த அணி மாட்டிக்கொண்டது. பாலம் எதிரி கையில். எதிரே இருந்த மாவு மில்லின் மாடியில் எதிரியின் துப்பாக்கி. ஒரு மழைக்காலம் முடிந்து, வெயில் வந்து, பனிக்காலமும் வந்துவிட்டது. உதவிக்கு வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. உயரத்தில் இருந்த காற்றுத் துளைகளையும் மூட்டை அடுக்கி அடைத்துவிட்டார்கள். மூட்டைக்கு நடுவே முறை வைத்துத் தூங்குவார்கள். இருட்டில் குறட்டையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். தம்பியின் அத்தான், அதாவது என் மாமனார், குறட்டை விட்டால், எதிரிக்கு வழி காட்டாதே என்று யாராவது காலால் உதைப்பார்கள்.

பசி இல்லை. கூரை வரைக்கும் கோதுமை இருந்தது. தண்ணீர்தான் இல்லை. வறட்டுக் கோதுமையை மென்றால் மாவாகி மேல்வாயில் அப்பிக்கொள்ளும். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. தண்ணீருக்கு முற்றத்தின் அந்தக் கோடியில் ஒரு அடிகுழாய். விடிகிற நேரத்தில் பனிமூட்டம் இறங்கினால் மட்டும் ஒருவர் டின்னோடு ஓடி அடித்துக்கொண்டு வரலாம். மூட்டம் எப்போது கலையும் என்று யாருக்கும் தெரியாது.

கிடங்குக்கு ஒரே கதவு. இரும்புக் கதவு, குறுக்கே கனத்த கம்பி. அதற்குப் பொறுப்பு மாமியாரின் தம்பி. ஒரு தடவை வெளியிலிருந்து, "அடிபட்டுடுச்சுப்பா, திற" என்று நம் பாஷையிலேயே ஒரு குரல் கேட்டது. நம்மாள்தான் என்று திறந்தார்கள். வாசலிலேயே இரண்டு பேரைப் பறிகொடுத்தார்கள். அன்றைக்கு அதிகாரி சட்டம் போட்டார். குரலுக்குக் கதவு திறக்கக் கூடாது. இரண்டு தட்டு, ஒரு மூச்சு விட்டு இன்னொரு தட்டு. அது கேட்டால்தான் கம்பியை எடுக்கலாம். உள்ளே இருப்பவன் வாயையும் திறக்கக் கூடாது. ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால் குண்டு அங்கேதான் வரும்.

அந்தக் காலை தண்ணீர் முறை அத்தானுடையது. தகர டின் இரண்டையும் தூக்கிக்கொண்டு, "மச்சான், வந்ததும் குளிச்சுட்டுத்தான் மறுவேலை" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அடிகுழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. காலடி கதவுக்கு வந்தது. தட்டு வரவில்லை.

"மச்சான், திற."

அவர் கை கம்பியின் மேல் இருந்தது.

"டேய், கை ரெண்டும் ரொம்பியிருக்குடா. திற."

பின்னால் யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். மூன்றாவது தடவை அத்தான் சிரித்தபடியே கூப்பிட்டார். மூட்டம் கலைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வேட்டு. டின் இரண்டும் கீழே விழுந்து உருண்டன.

கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. நாக்கு வறண்டு கிடந்தவர்கள் குனிந்து, கிழிந்த சட்டையில் ஒற்றி எடுத்து வாயில் பிழிந்துகொண்டார்கள். அவரும் பிழிந்துகொண்டார். பிற்காலத்தில் அதை என்னிடம் சொல்லும்போது தரையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

முற்றுகை விலகியதும் ஊர் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கிடங்கை நினைவிடமாக்கி, கதவுக்கு மேலே 'இது திறக்கவில்லை' என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து அங்கேயே காவலாளி வேலையும் கொடுத்தார்கள். காலையில் அதே கம்பியை எடுக்க வேண்டும், மாலையில் அதே கம்பியைப் போட வேண்டும். நடுவில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அக்கா புருஷன் குரலென்று தெரிந்தும் கடமையை விடாத வீரர் இவர்தான் என்று வாத்தியார் கை நீட்டுவார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அவர் தண்ணீர்ப் பானையைத் துடைக்கப் போய்விடுவார்.

வருடத்துக்கு ஒரு நாள் சங்கு ஊதும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. ஒலிபெருக்கியில் அந்தக் கதையைச் சொல்வார்கள். நாலு தெரு தள்ளி இருந்த எங்கள் வீட்டிலும் தெளிவாகக் கேட்கும். மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருப்பார். தம்பியை ஒரு நாளும் திட்டியதில்லை. வா என்று சொன்னதும் இல்லை. அவர் கொண்டுவந்து வைக்கும் பையை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. அக்கா வாசலைத் தாண்டாமலே செத்துப் போய்விடுவோமோ என்பதுதான் மாமாவுக்கு இருந்த ஒரே பயம். கதவைத் தட்டத் துணிச்சல் இல்லை. தட்டுவதற்கு அவர் கைக்குத்தான் என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இப்படியே அவருக்குத் தலை நரைத்தது. மாமியாருக்குக் காலில் எலும்பு விலகி, கோல் ஊன்றி நடக்கும்படி ஆனது.

அந்த வருடம் நினைவிடக் குழுவுக்குப் புதுத் தலைவர் வந்தார். சங்கு நாளில் கிடங்குக் கதவை மூடும் மரியாதையைத் தானே எடுத்துக்கொண்டார். புகைப்படத்தில் விழ வேண்டும் என்று ஆசை, பாவம். நீங்கள் ஓய்வெடுங்கள் ஐயா என்று இவரை அனுப்பிவிட்டார்கள். சங்கு நாளில் அந்தக் கிடங்குக்கு வெளியே அவர் இருந்தது அதுதான் முதல் தடவை. போக இடமில்லாமல் தெருவில் நடந்தார். குழாய் உடைந்து ஊருக்குத் தண்ணீர் வராமல் இருந்த வாரம் அது. லாரியைச் சுற்றிக் கூட்டம். அக்கா வீட்டில் தண்ணீர் பிடிக்க ஆள் இருக்காது, எனக்கும் கைக்குழந்தை என்று அவருக்குத் தெரியும். யாரிடமோ இரண்டு கேன் இரவல் வாங்கி நிரப்பிக்கொண்டார். எப்போதும்போல் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்.

தெரு முனை திரும்பியபோது சங்கு ஊதியது. கதவுகள் படபடவென்று வரிசையாகச் சாத்திக்கொண்டே வந்தன. எங்கள் கதவையும் நான்தான் சாத்தினேன். ஆளில்லாத தெருவில் அவர் ஒருவர்தான். வாசலுக்கு வந்து நின்றார். கேனைக் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் பிரியவில்லை. இறுக்கிப் பிடித்த பிடி பிடித்தபடியே இருந்தது. வைக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. தொண்டையிலிருந்து குரல் தானாக வந்தது.

"அக்கா."

உள்ளே நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் கை அரிசியில் நின்றது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது நான் எழுந்தேன். நீ உட்கார் என்று கையால் காட்டிவிட்டு, கோலைத் தேடி எடுத்து, காலை இழுத்து இழுத்துப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். மூன்றாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

"கேனை வச்சிட்டுத் தட்டியிருக்கலாமே."

"கை வரல அக்கா."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரும் இப்படித்தான். தூக்கினதை நடுவுல இறக்க மாட்டாரு. குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும். கடையிலேர்ந்து வந்தாலும் வாசல்ல நின்னு கத்துவாரு, நான்தான் ஓடிப் போய்த் திறப்பேன். உனக்குத் தெரியாதா?"

மாமா குனிந்து கேன்களைப் பார்த்தார்.

"தெரியும் அக்கா."

"தெரியும்னு எனக்கும் தெரியும்." மாமியார் வழிவிட்டு நகர்ந்தார். "இவ்வளவு வருஷத்துல நீ வந்து இதைச் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ கீரையைக் கொண்டாந்து வச்சுட்டுப் போனே. உள்ள வா, தண்ணி சூடாகுது."

அவர் உள்ளே வந்தார். கேனை அவர் கையிலிருந்து பிரித்து வாங்கியது நான்தான், விரல் விரலாக. கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் இரும்புக் கதவின் பெருமை ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. சங்கு நேரம் முடிந்ததும், கிடங்கில் கம்பியை எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். எனக்குக்கூட ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் வீட்டுக் கதவு மட்டும் திறந்ததாகப் புகார் என்றார். மாமியார் கோலைத் தரையில் ஊன்றி, "ஊர்ல ஒரு கதவு திறக்காம இருந்தது போதும்" என்றார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் முதல் காய்கறிப் பை வாசலில் இருக்கவில்லை. அவரே சமையலறை வரை கொண்டுவந்து வைத்தார். டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் குடித்தார், ஆனால் பாதிதான். கிடங்கு வேலையை மட்டும் விடவில்லை. வேறு யாராவது கம்பியைப் போட்டால் தூக்கம் வராது என்றார். அந்தக் கதவு அவரை விடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். தாழ்ப்பாள் மாமா இப்போது எங்கள் முன்னறையில், கதவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார்.