வடிதுணியில் நின்ற கட்டி

உசிலம்பட்டிப் பக்கத்தில் கண்ணுச்சாமியின் பாலுக்கு ஒரு பேர் இருந்தது. பால் சொசைட்டி போர்டில் தினமும் தரம் எழுதுவார்கள். பதினோரு வருஷமாக முதல் பேர் அவருடையதுதான். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2019இல் பதினாறு நாடுகள் சேர்ந்து வரியில்லாமல் சரக்கு விற்றுக்கொள்ள ஒப்பந்தம் பேசின. நியூசிலாந்துப் பால் பவுடர் மலிவாக வந்து இறங்கினால் நம்ம மாட்டை யார் சீந்துவார்கள்? எதிர்ப்புக் கூட்டத்தில் மேடையேறி அதைக் கேட்டவர் கண்ணுச்சாமி. பவுடரைக் கரைத்துக் குடிக்கிறதும் ஒரு பாலா என்று அவர் கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நவம்பரில் இந்தியா ஒப்பந்தத்தில் சேரவில்லை என்று சேதி வந்தது. ஊர் வெடி போட்டு அவருக்கு மாலை போட்டது.

அதே கண்ணுச்சாமிதான், பச்சைத் தீவனமில்லாமல் தரம் இறங்கிய நாளிலிருந்து, போர்டில் பேர் இறங்கக் கூடாதென்று கடைப் பால் பவுடரைக் கரைத்துத் தன் பாலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அடப்பாவி மனுஷா!

மாலை போட்ட மறுநாள் காலை, அவசரத்தில் பவுடர் சரியாகக் கரையவில்லை. சொசைட்டியில் பால் வாங்குகிற சத்யப்ரியா அவர் கேனை வடிதுணியில் சாய்த்தாள். கட்டி கட்டியாக நின்றது. அவள் சட்டென்று துணியை மடித்துக்கொண்டாள்.

“பெரியப்பா, இன்னைக்கு இது வேணாம். கொண்டு போயிருங்க” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

கண்ணுச்சாமி கேனை மூடித் தூக்கினார். பின்னால் நின்ற விருமாண்டி, அவளுடைய அப்பன், என்ன விஷயமென்று விசாரித்தான். பால் திரிந்துவிட்டதாகச் சொன்னார். வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

விருமாண்டி அதை நம்பினான். நம்பியதோடு விட்டானா? “அதுக்கென்னண்ணே, நேத்து மாலை போட்ட ஆளு பேரு இன்னைக்கு போர்டுல இல்லாட்டி நமக்குத்தான் கேவலம்” என்று சொல்லி, தன் கேனைத் தூக்கி அண்ணன் பேரில் ஊற்றிக்கொள்ளச் சொன்னான். அவன் வீட்டில் இருப்பதே ஒரு மாடு.

சத்யப்ரியா கேனை வாங்கவில்லை. கண்ணுச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊத்தாத விருமாண்டி. திரியல, பவுடர் கலந்தேன். நாலு மாசமா.”

வரிசையில் யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. விருமாண்டி தன் கேனைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், போர்டில் நேற்று எழுதியிருந்த முதல் பேரைத் துண்டால் துடைத்தான்.