ராக்கெட்டுக்குள் தூங்கிய தம்பி

என் அக்காவுக்கு இந்தி தெரியும். எங்கள் சொந்தபந்தத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் அவள் வீடு ரோட்டோரமாக இருக்கிறது. வழி தவறி வரும் வடநாட்டு டூரிஸ்ட் கார் ஏதாவது வாசலில் நின்றால் போதும், காயப்போட்ட காப்பியைக் கிளறிக்கொண்டிருப்பவள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். "சீதா ஜாவ் ஜி, ஃபிர் லெஃப்ட்" என்பாள், நேராகப் போய் லெஃப்டில் திரும்பு என்று. மொத்தமே அவ்வளவுதான். ஆனால் திரும்பி வரும்போது அந்த நடையைப் பார்க்க வேண்டும்! பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள், கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறவள் மாதிரி வருவாள். அவள் கணவர், என் மாமா, "என்ற ஊட்டுக்காரிக்கு இந்தி தெரியுமுங்க" என்று பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். மனுஷனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமையைத்தான் போன மாதம் நான் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தேன். சண்டை போட்டு உடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே, டிவியில் போட்டுக் காட்டி உடைத்தேன்.

எல்லாம் ஒரு பழைய தொடரால் வந்த வினை. சின்ன வயதில் நாங்கள் மாரமங்கலம் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா எஸ்டேட் லாரி ஓட்டினார். எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அந்த வருஷம் அம்மா நெஞ்சு நோவு முற்றி, சேலத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அப்பா அவளைப் பார்க்கக் கீழே இறங்கிவிடுவார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று என்னைக் கூட்டிப் போகமாட்டார். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி, ரோட்டில் விழுந்து புரண்டு அழுவேன். அக்கா என்னைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டு நேராக ரைட்டர் வீட்டுக்குப் போவாள். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவர் அவர். அந்தப் பக்கத்துக்கே அவர் வீட்டில்தான் டிவி இருந்தது. சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டியிருந்தார். பனி இறங்கினால் படம் போய்விடும், காற்றடித்தால் திரும்பி வரும். எங்களுக்கு அதுவே தாராளம்.

சனிக்கிழமை காலையில் அந்தத் தொடர் வரும். கார்ட்டூன் இல்லை, நிஜ மனிதர்கள் ராக்கெட்டில் போகிற கதை. இப்போதைய பிள்ளைகள் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிக்கும். ராக்கெட்டின் சுவரெல்லாம் அட்டை. அதில் மாரியம்மன் பண்டிகைக்குப் போடுகிற சீரியல் பல்புகள் மினுக்மினுக்கென்று எரியும். வெள்ளிச் சட்டை போட்ட ஒருவர்தான் ராக்கெட்டை ஓட்டுவார். தகர டிரம்மில் கை கால் வைத்த ஒரு ரோபோ இருந்தது. அது நடக்கும்போது அடியில் யாரோ ஒரு ஆளின் செருப்பு தெரியும். அப்புறம் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண். கையில் பெரிய வாட்ச் கட்டியிருப்பாள். வாரம் ஒருமுறையாவது அந்த வாட்சை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவாள். ஐயோ, அந்த வாட்ச்! அதற்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! சோப்பு அட்டையை வெட்டி ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் ஒளிந்து நின்று பேசுவேன்.

தொடர் முழுக்க இந்தி. எஸ்டேட் பிள்ளைகள் யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. ரைட்டருக்கும் தெரியாது, அவர் மனைவிக்கும் தெரியாது. அக்கா மட்டும் ஏற்காட்டில் ஒரு டீச்சரம்மாவிடம் கொஞ்ச நாள் இந்தி எழுத்துப் படித்திருந்தாள். அதனால் அவள்தான் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வாள். வாத்தியார் மாதிரி, அவர்கள் வாயைத் திறந்ததும் இவள் ஆரம்பித்துவிடுவாள்.

அக்கா சொன்ன கதை இது. அந்த ராக்கெட் ஆகாசத்தில் பனி மூட்டத்தில் வழி தவறிவிட்டது. அந்தப் பெண்ணின் அம்மா பூமியில் இருக்கிறாள். பெண் வாட்சில் அம்மாவிடம் பேசுகிறாள்: "அம்மா, நாங்க வந்துட்டே இருக்கோம். நீ அழுவாம இரு. நான் சாப்பிட்டேன், தம்பியும் சாப்பிட்டான்." ஒவ்வொரு வாரமும் கடைசியில் இதைத்தான் சொல்வாள். அந்தத் தம்பியை மட்டும் தொடரில் ஒருநாளும் காட்டவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். "தம்பி எங்கக்கா? ஏன் காட்டவே மாட்டேங்கறாங்க?" என்று அவளைப் பிடுங்கி எடுப்பேன். "அவன் உள்ள தூங்கறான் சாமி. சின்னப் பையன்ல, வாயத் தொற" என்று சொல்லி ஒரு வாய் ராகிக் களியைத் திணிப்பாள். வீட்டிலிருந்தே கிண்ணத்தில் எடுத்து வந்திருப்பாள். சாப்பிடாதவனை ராக்கெட்டிலிருந்து இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துவாள். நானும் அரண்டுபோய் விழுங்குவேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ராக்கெட் பூமியில் இறங்கியது. அம்மா கதவைத் திறந்தாள் என்று அக்கா சொன்னாள். கொஞ்ச நாளில் எங்கள் அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தாளே தவிர, குனிந்து ஒரு குடம் தூக்க அவளால் முடியவில்லை. வீட்டு வேலையெல்லாம் அக்காவின் தலையில் விழுந்தது. அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பவே இல்லை. நான் படித்தேன், மலையை விட்டு இறங்கினேன், சேலத்தில் டைல்ஸ் கடை வைத்தேன். இதையெல்லாம் இப்படி வரிசையாக வைத்து நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. என் மண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

தொடரை மட்டும் மறக்கவில்லை. காலேஜில் சொல்லியிருக்கிறேன், கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், என் பிள்ளைகளிடம் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன். வழி தவறிய ராக்கெட், அம்மா, வாட்ச், தம்பி. அதுபோல ஒரு கதையை இப்போது எவன் எடுக்கிறான் என்று முடிப்பேன்.

போன மாதம் கடையில் வேலையில்லாத ஒரு மதியம், போனில் தேடித் தேடி அது கிடைத்தே விட்டது. யாரோ புண்ணியவான் பழைய டேப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறான். ஆரம்ப இசை வந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயசென்ன, இதென்ன அழுகை என்று வெட்கப்பட்டுக் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அப்போது டைல்ஸ் ஒட்டும் வடநாட்டு மேஸ்திரி சிமென்ட் எடுக்க வந்தவர், எட்டிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தார். "சார், இது பச்சா புரோகிராம், சின்னப் பசங்களுக்கு. பல்லு விளக்கு, கை கழுவு, தண்ணி காய்ச்சிக் குடி. அதான் சொல்றான்."

வெள்ளிச் சட்டைக்காரர் அத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். ராக்கெட் எங்கேயும் வழி தவறவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சுத்தம் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிற ராக்கெட் அது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு கடுப்பும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசினேனே, அக்கா என்னை இப்படி முட்டாளாக்கி வைத்திருக்கிறாளே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் புது மருமகளுக்கும் அவள் அம்மாவுக்கும் விருந்து. மருமகள் புனேயில் வேலை பார்த்தவள், இந்தி நன்றாகப் பேசுவாள். அக்காவை அவர்கள் முன்னால் வைத்து ஒரு கலாய் கலாய்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

விருந்தன்று இலை போடுவதற்கு முன் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மருமகளுக்குத் தலையில் பூ வைத்தபடி, "பைட்டோ, பைட்டோ" என்று உட்காரச் சொல்லித் தன் இந்தியை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மாமா சம்பந்தியம்மாவிடம், "சின்ன வயசுலயே டிவில வர்ற இந்தியெல்லாம் அப்படியே தமிழ்ல சொல்லுவாளாமுங்க" என்றார். எனக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? போனிலிருந்து டிவியில் போட்டேன். அக்காவை முதலில் கதையைச் சொல்லச் சொன்னேன். பாவி, அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

படம் வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்த வாட்சு பாருடா!" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினாள். பழைய குரலில் கதையைச் சொல்லவும் தொடங்கினாள். வழி தவறிய ராக்கெட் வரைக்கும் சொல்ல விட்டுவிட்டு, மருமகளிடம் திரும்பினேன். "இப்ப நீ சொல்லு கண்ணு, நிஜமா என்ன பேசறாங்க?"

அந்தப் பெண் முதலில் தயங்கினாள். "வேண்டாங்க மாமா" என்றாள். நான் விடவில்லை. "அட, சும்மா சொல்லும்மா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவணும்னு சொல்றாங்க" என்றாள். சம்பந்தியம்மா பக்கென்று சிரித்துவிட்டார். மாமா முழித்தார். நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். "ஏக்கா, இதுக்கா எங்களை அத்தனை நாள் அழவெச்ச? உன் இந்தி இவ்வளவுதானா?" அக்காவும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "சோறு கொதிக்குது" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ரெட்டைச் சடைப் பெண் வாட்சை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். நான் இன்னும் சிரிப்பு அடங்காமல், "இவ இப்ப தம்பியப் பத்திச் சொல்லுவா, பாருங்க" என்றேன். மருமகள் மெதுவாக, "பால் குடிச்சா எலும்புக்கு நல்லதான்னு கேக்கறாங்க மாமா. தம்பின்னு யாரும் இல்லீங்களே" என்றாள்.

தம்பி இல்லை. ராக்கெட்டுக்குள் எந்தத் தம்பியும் தூங்கவில்லை. தம்பி ரைட்டர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, களியைத் துப்பிக்கொண்டு, அம்மா வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவனைப் பத்திரமாக ராக்கெட்டுக்குள் ஏற்றி, படுக்க வைத்து, அம்மாவுக்குத் தகவலும் சொல்லிக்கொண்டிருந்தாள். இது புரிவதற்கு எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. அதுவும் அவளைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்க வைத்த பிறகு.

டிவியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அக்கா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். ஆவியில் முகம் தெரியவில்லை. "அக்கா" என்றேன்.

"அன்னைக்கு உனக்குச் சோறே எறங்கல சாமி" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "அழுது அழுது வாந்தி எடுப்ப. எனக்கு வேற என்ன தெரியும்? எனக்குந்தான் அம்மாவப் பாக்கோணும்னு இருந்துச்சு." பிறகு, "போ, போய் உக்காரு. எலை போடறேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வயிறு சரியில்லை என்று பாதியில் எழுந்தேன். கிளம்பும்போது அக்கா ஒரு டிபன் பாக்ஸை என் கையில் திணித்தாள். "ஊட்டுக்குப் போயாவது சாப்பிடு" என்றாள்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி, கரடியூர் வியூ பாயின்டுக்கு எப்படிப் போவது என்று இந்தியில் கேட்டார். அக்கா வழக்கம்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரெண்டு அடி வைத்துவிட்டாள். வைத்தவள் அப்படியே நின்றாள். சம்பந்தியம்மா நிற்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீ வந்து சொல்லு கண்ணு. எனக்கு அதெல்லாம் தெரியாது."

மருமகள் வந்து வழி சொன்னாள். அக்கா காப்பி காய்கிற இடத்துக்குப் போய், குனிந்து கிளற ஆரம்பித்தாள். நான் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் சூடாக இருந்தது.