அக்கரைக் கயிறு

பென்னாகரத்துச் செங்கல் சூளையில் வேலை தீர்ந்துபோய், ஒகேனக்கல்லைத் தாண்டி ஆற்றோரமாக நடந்துகொண்டிருக்கிறேன். காவிரியின் நடுவே மார்பளவு நீரில் ஒருவர் நிற்கிறார். பாறை இடுக்கை அடைத்துக் கிடக்கும் பழைய நைலான் வலையை அறுக்கிறார். அதில் சிக்கிய மீன்கள் அழுகி நாறுகின்றன. அவர் இடுப்பில் இரண்டு கயிறுகள். ஒன்று இந்தக் கரைக்கு, இன்னொன்று கர்நாடகக் கரைக்கு.

இங்கே கயிறு பிடித்திருப்பவர்களில் அவர் மனைவி செல்வியும் ஒருத்தி.

"அக்கரையில புடிக்கிறது யாருங்க?"

"போன மாசம் எங்க வூட்டுக்காரரு பரிசல்ல ஓட்ட போட்டவனுங்கதான். ஆத்த அடைச்ச இந்த வலை உங்குளுது, உங்குளுதுன்னு ரெண்டு கரைக்கும் சண்ட."

"அவங்கள நம்பியா எறக்குனீங்க?"

"அவனுங்களுக்கும் மீனுதாங்க சோறு. வேடிக்க பாக்காம புடிங்கண்ணா!"

பிடிக்கிறேன். வலை பெயர்கிறது. தேங்கிய தண்ணீர் திமிறிப் பாய்கிறது. பாறையில் உரசி எங்கள் கயிறு அறுந்து, எல்லோரும் மல்லாந்து விழுகிறோம்.

"பிடபேடி அண்ணா, பிடபேடி!" விடாதீர்கள் என்று செல்வி கன்னடத்தில் கத்துகிறாள்.

அக்கரையில் ஒருவரும் விடவில்லை. குதிகாலை மணலில் ஊன்றி இழுக்கிறார்கள். ஆள் வலையோடு அக்கரையில் ஏறி, "மெதுவா இழுக்கத் தெரியாதாடா!" என்று திட்டுகிறார். இரண்டு கரையிலும் விசில் பறக்கிறது. உள்ளங்கை உரிந்திருக்கிறது எனக்கு, ஆனாலும் குதிக்கிறேன்.

மறுநாள் காலை செல்வியின் புருஷன் என்னைப் பரிசலில் அக்கரைக்குக் கூட்டிப்போகிறார். வலையை வெட்டிச் சாக்கில் கட்டுகிற வேலை. பரிசலில் ஓட்டை போட்டவர்கள் எங்களுக்கு ஆளுக்கொரு கத்தி தருகிறார்கள்.