அடுத்த வீட்டு விஸ்கி

எனக்குப் பொறாமை அதிகம். இந்த வயதில் அதை ஒத்துக்கொள்ள வெட்கமில்லை. ஆர்.எஸ்.புரத்தில் குடியிருந்த காலத்தில் அதில் பெரும் பங்கு அடுத்த வீட்டு அம்மாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பாவம், அது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவர்கள் தெலுங்கு பேசுகிற குடும்பம். சொந்தமாக நூல் மில். என் வீட்டுக்காரருக்குப் பஞ்சு வியாபாரம். அப்போது மதுவிலக்கு. டாக்டரிடம் எழுதி வாங்கிப் பெர்மிட் எடுத்தவர்கள் மட்டும் சட்டப்படி குடிக்கலாம். அதிசயம் பாருங்கள், இரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரே மாதத்தில் தீராத வயிற்றுவலி வந்தது.

மில்லில் இயந்திரம் பூட்ட வந்த இத்தாலிக்காரர் ஒருவர் அவர்களுக்கு ஒரு கலவையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். விஸ்கி ஒரு பங்கு, இனிப்பு வெர்மூத் என்கிற ஒயின் ஒரு பங்கு, சிவப்பாக ஒரு கசப்புச் சரக்கு ஒரு பங்கு. ஐஸ் போட்டுக் கலக்கி, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்துவிட வேண்டும். அந்தச் சிவப்புப் பாட்டில் தீர்ந்தபோது அந்த அம்மாவே வீட்டில் ஒரு கசப்பு தயாரித்தாள். அசலை விட இதுதான் நன்றாக இருக்கிறது என்று ஆண்கள் கொண்டாடினார்கள்.

என் வீட்டுக்காரர் வாரம் முழுக்கத் திருப்பூர், உடுமலை என்று பஞ்சுக்காக அலைவார். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் அவர் என்னோடு இருக்கக்கூடிய பொழுது. அதையும் அடுத்த வீட்டுக்குத் தாரை வார்த்துவிட்டு, திரும்பி வரும்போது, “அந்தம்மா கைப்பக்குவம் ஆருக்கும் வராது” என்பார். பன்னிரண்டு வருஷம் என் கையால் தின்ற வாய் அது. எனக்கு எப்படி இருக்கும்?

வெட்கத்தை விட்டு அவளிடமே போய்க் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள். “நார்த்தங்காத் தோலும் நிலவேம்பும் விஸ்கியில ஒரு வாரம் ஊறோணுமுங்க அம்மணி. அவ்வளவுதானுங்க.” கூடவே நான்கு நார்த்தங்காயும் கொடுத்தனுப்பினாள். மறைத்திருந்தால் திட்டுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

நிலவேம்பு என்றால் எங்கள் பக்கத்தில் காய்ச்சுவதுதான் வழக்கம். விஸ்கியில் ஊறப்போடுவதாவது என்று, நாலு தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி விஸ்கியில் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார். “ஏனம்மணி, எனக்கென்ன காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை சொன்னபடியே ஊறப்போட்டேன். ஆனால் வெர்மூத் தீர்ந்திருந்ததால் நாட்டுச்சர்க்கரைப் பாகு சேர்த்தேன். “பானகமாட்ட இருக்குது” என்றார். நன்னாரி சர்பத் விட்டுப் பார்த்தேன். அதற்குச் செருப்பைத் தேடினார். வெர்மூத் வந்த பிறகு கமலாப்பழத் தோலில் ஒன்று செய்தேன். வாசனை தூக்கியது. “வாயில வைக்க முடியல, கசக்குது” என்றார்.

எங்கே பிசகுகிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ருசி பார்க்கவில்லை. சாமிக்குப் படைக்கிற பொங்கலை வாயில் வைக்காமல் செய்கிறோமே, அப்படித்தான் இதையும் நிறத்தையும் வாசனையையும் பார்த்துக் கலந்தேன். நல்ல வீட்டுப் பெண் அதை நாக்கில் வைப்பாளா? அடுத்த வீட்டு அம்மாவும் அப்படித்தான் கலக்கிறாள், அவள் கைக்கு ஏதோ வரம் இருக்கிறது என்று நினைத்து இன்னும் வெந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு ஸ்பூன் குடித்தேன். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது ஸ்பூனில் முதலில் இனிப்பு தெரிந்தது. பின்னாலேயே கசப்பு வந்து, போகாமல் நாக்கிலேயே நின்றது. சீ என்று துப்பலாம் என்று பார்த்தால், சனியன், நன்றாக இருந்தது. கசப்பைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் குறைத்து ஐந்தாவது ஸ்பூனில் பிடித்துவிட்டேன். அப்புறம் ஏலக்காயை மென்றுகொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அவர் ஒரே மூச்சில் கிளாஸைக் காலி செய்தார். பிறகு, “இது அந்தம்மா செய்யறதை விட நல்லாருக்குது” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே சூட்டில் அவர் எழுந்துபோய் வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்து, “ஏனுங்க, அடுத்த வாரம் நம்மூட்டுக்கு வந்துருங்க” என்று கூப்பிட்டார். சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சொன்னபடி அந்த அம்மாவும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார, அந்த அம்மா ஒத்தாசைக்குச் சமையலறைக்கு வந்தாள். நான் கலந்து வைத்ததை மோந்து பார்த்தாள். பிறகு ஒரு ஸ்பூனை எடுத்து, ரசத்துக்கு உப்புப் பார்ப்பதுபோலச் சாவகாசமாக வாயில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நல்லாருக்குதுங்க அம்மணி. தோலு மட்டும் ஒரு நா எச்சா, எட்டு நாளு ஊறிப்போச்சு.”

“நீங்க குடிப்பீங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“ஞாயித்துக்கிழம மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் உக்காருவமுங்க. அன்னைக்கு அவரே கலந்து எனக்கு ஊத்திக் குடுப்பாரு. பேசிட்டே இருப்போம், சாப்பாட்டுக்கு மூணு மணி ஆயிரும். நீங்க ரெண்டு பேரும் அப்படித்தானுங்களே?”

“ஆமாங்க” என்றேன். வேறென்ன சொல்வது?

“ஆச்சா அம்மணி? ஐஸ் கரையப்போகுது” என்று கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். என் வீட்டுக்காரர் பஞ்சு விலை பேசிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிளாஸை எடுத்துக்கொண்டார். அவரை வீட்டில் இருக்க வைக்கத்தான் இத்தனையும் செய்தேன். வீட்டில்தான் இருந்தார்.