வேறெங்கும் திறக்காத கோப்பு

யாராவது என்னை முனைவர் என்று கூப்பிட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தவர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வாய்க்காலின் கடைமடையில் தண்ணீர் பங்கிட்டுக்கொண்டிருந்த நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எந்த நாளில் மடை திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்ற முறை முழுவதும் அவர் மனதில் மட்டுமே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஆய்வு மாணவனாக அவர் பின்னால் வரப்பு வரப்பாக நடந்து ஏழு நோட்டுகளில் எழுதிக்கொண்டேன். கடைசி நாளில் அவர் தன் மகளிடம், "இனி கவலயில்ல, எல்லாம் சார்கிட்ட இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சுக்குக் கொடுத்தேன். அங்கே வேலை பார்த்த பெண் முதல் நாளே எச்சரித்தாள். அவர்களுடைய தமிழ் மென்பொருளில் அடித்தால் எழுத்து அழகாக வரும், ஆனால் அந்தக் கோப்பு வேறெங்கும் திறக்காது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து, வெறும் டெக்ஸ்ட் கோப்பாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"பாக்க நல்லாருக்காது சார். ஆனா எங்கன கொண்டு போனாலும் தெறக்கும்."

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதவா வெயிலில் அலைந்தேன் என்று எரிந்து விழுந்தேன். மொழிப்பற்று என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிளஸ் டூ படித்த பெண் எனக்குப் புத்தி சொல்வதா என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை. அவள் தன் மென்பொருளிலேயே எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தாள்.

ஆய்வேட்டில் ஊர்வாரியான சுருக்கம் மட்டும் ஏறியது. வயல்வாரி விவரமெல்லாம் இரண்டு பிளாப்பிகளில் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, அதுதான் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று ஏழு நோட்டுகளையும் நானே பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டேன்.

மூன்று வருடம் கழித்து நீர்பாய்ச்சி இறந்துபோனார். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. கடைமடைக்கு அப்படியொரு முறையே கிடையாது என்று மேல்மடைக்காரர்கள் சாதித்தார்கள். எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்று அதிகாரி சொல்ல, மகள் இரண்டு பஸ் மாறி நான் வேலை பார்த்த கல்லூரிக்கு வந்து நின்றாள்.

உட்காரச் சொல்லிவிட்டுப் பிளாப்பியைப் போட்டேன். திரை முழுக்கக் கட்டங்களும் கிறுக்கல்களும். அடுத்த கம்ப்யூட்டரிலும் அதேதான். சென்டரை மூடிவிட்டு உரிமையாளர் ஊரைவிட்டே போயிருந்தார். மென்பொருளும் அவரோடு போய்விட்டது. ஆய்வேட்டை எடுத்துக் காட்டினேன். அதில் அவள் வயல் எங்கே என்று கேட்டாள். இல்லை.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டாவது இருக்கா என்றாள். அதற்கும் இல்லையென்று தலையாட்டினேன். அவள் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"நீங்க எழுதிக்கிட்டீகன்னுதான சார், எங்கய்யாகிட்ட நாங்க யாரும் கேட்டு வச்சிக்கிடல."