எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள்

இப்போதெல்லாம் டி.வி. நிகழ்ச்சிகளில் வந்துபோனவர்களைத் தேடிப்பிடித்து, அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்கிறார்கள். அவர்களும் கண் கலங்கிப் பதில் சொல்கிறார்கள். டி.வி.யில் வராமல் போனவளை எவரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, பெரும்பாலும் எரிச்சல்தான்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சரோஜினி நகரில் இரண்டு அறை கொண்ட அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். அண்ணன், அக்கா, நான் என்று நாங்கள் மூன்று பேர். நான் கடைசி. எனக்கு அப்போது எட்டு வயது. டைபாய்டு வந்து பிழைத்ததற்காக முருகன் கோயிலில் மொட்டை போட்டிருந்தார்கள். முடி அப்போதுதான் முள்ளு முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. இதையெல்லாம் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

சிறு குடும்பத்தின் மகிழ்ச்சியைப் பற்றி டி.வி.க்காக ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். நடிகர்கள் கிடையாது. நிஜக் குடும்பம், நிஜ வீடு. ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு வங்காளிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம் என்று மூலைக்கு ஒன்றாக எடுத்தார்கள். மதராஸிக் குடும்பத்துக்கு அவர்கள் முதலில் பேசி வைத்திருந்தது எங்களுக்கு நாலு பிளாக் தள்ளி இருந்த ஒரு வீட்டை. அங்கே ஒரு பையன், ஒரு பெண், கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் மே மாதம் வந்ததும் அவர்கள் எல்.டி.சி. போட்டுக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயில் ஏறிவிட்டார்கள். ஊருக்குப் போய்வர அரசாங்கம் டிக்கெட் காசு தரும்போது டி.வி.யாவது ஒன்றாவது. டெல்லித் தமிழர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஷூட்டிங் நெருங்குகிற நேரத்தில் தயாரிப்பாளருக்கு மதராஸி இல்லை. அவருடைய நண்பர் அப்பாவின் மேலதிகாரி. மேலதிகாரி அப்பாவைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சுதான்.

"நமக்கு மூணு பிள்ளைன்னு சொன்னீயளா இல்லியா?"

"சொன்னேன். அதுக்கென்ன, ஒண்ணு அன்னைக்கு வெளிய விளையாடட்டும்ங்காரு டி.வி.க்காரரு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது."

"எதை வெளிய அனுப்பப் போறீய?"

அப்பா பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பின்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சந்தேகமே வரவில்லை. எப்போதும் வெளியில் விளையாடுகிறவன் அண்ணன்தான். பாவம், அவன் டி.வி.யில் வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பேச வேண்டிய வசனம் இந்தியில் இருந்தது. இந்த இரண்டு பேர்தான் எங்கள் உலகம், இவர்களுக்கு எல்லாவற்றையும் எங்களால் கொடுக்க முடிகிறது என்று அர்த்தம். அப்பாவின் இந்தி கடைக்குப் போய்வரப் போதும், கேமராவுக்குப் போதாது. தமிழைவிட எனக்கு இந்தி நன்றாக வரும். அதனால் அவர் சவரம் செய்யும்போதும் செருப்புத் தேடும்போதும் கூடவே நடந்து, ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி, அந்த வரியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த இரண்டு பேர் அக்காவும் நானும் என்ற எண்ணத்தில் சொல்லிக்கொடுத்தேன்.

ஷூட்டிங் அன்று தயாரிப்பாளர் வந்தார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். அவருக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் வேண்டும். அக்காவுக்கு இடுப்புவரை பின்னல். என்னைப் பார்த்ததும் அவருக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

"ஏட்டி, நீ பக்கத்துல ஆன்ட்டி வீட்ல போய் இரு. முடிஞ்சதும் கூப்பிடுதேன்" என்றாள் அம்மா. எனக்காகத் தைத்திருந்த மஞ்சள் கவுனோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி ரோஜா சர்பத் கரைத்துக் கொடுத்தார். அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்குள் ஒயர் ஒயராகப் போவது தெரிந்தது. உள்ளே அப்பா அந்த வரியைச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். எனக்கு வந்த அழுகையில் சர்பத் மூக்கில் ஏறியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சுவரில் ஐந்து பேரும் நிற்கிற போட்டோ இல்லை. அந்த ஆணியில் காலண்டர் தொங்கியது. போட்டோ கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. "நாளைக்கு மாட்டிக்கிடலாம்" என்றார் அப்பா. அந்த நாளை வரவேயில்லை.

நிகழ்ச்சி ஒரே தடவை வந்திருந்தால் நானும் மறந்து தொலைத்திருப்பேன். அது திரும்பத் திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தால் போதும், எங்கள் வீட்டைப் போட்டுவிடுவார்கள். அப்போது எங்களிடம் டி.வி. கிடையாது. என் குடும்பத்தை நான் பஞ்சாபி ஆன்ட்டியின் வீட்டுத் தரையில், பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு தட்டு, நாலு தம்ளர். அம்மா அண்ணனுக்கும் அக்காவுக்கும் தயிர் ஊற்றுகிறாள். அப்பா சிரிக்கிறார். வீட்டில் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்க்கெட்டில் காய்கறிக்காரன் அம்மாவை டி.வி. வாலி பெஹன்ஜி, டி.வி.யில் வரும் அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்தான். பெஹன்ஜிக்குக் கொத்தமல்லி இலவசம். அக்கா பால் பூத்துக்குப் போவதற்கும் பின்னலில் ரிப்பன் கட்டினாள். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினான். அப்பாவை மேலதிகாரிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்தினார்கள். பத்து வருஷம் அதே நாற்காலியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இன்று எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் இருந்த பெண்மணி திரும்பி, நீங்கள் டி.வி.யில் வந்தவர்கள்தானே என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா வெட்கப்பட்டாள். அந்தப் பெண்மணி அண்ணனை, அக்காவைக் கன்னத்தில் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது யார்?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "மௌஸியின் மகள். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள்" என்று இந்தியில் சரளமாகச் சொன்னாள். சித்தி, பெரியம்மா என்று எனக்கு எந்த மௌஸியும் கிடையாது. அம்மா தன் வீட்டில் ஒரே பெண். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் கையை நன்றாகக் கடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குத்தான் அடி விழுந்தது.

அதற்குப் பிறகு அது வசதியாகப் போயிற்று. யார் கேட்டாலும் நான் சித்தி மகள். அப்பாவின் ஆபீஸிலிருந்து யாராவது வந்தால் ஆன்ட்டி வீடு. "சொல்லத் தெரியாதா இவியளுக்கு, மூணுன்னு?" என்று அம்மா சமையலறையில் பாத்திரத்திடம் முணுமுணுப்பாள். அதைக் கூடத்துக்கு வந்து சொல்லமாட்டாள். அப்பாவோ, "டி.வி.யில பாத்துட்டு வாரவன்கிட்ட எல்லாம் விளக்கஞ் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? கவர்மென்ட்டு போட்டதை நாம பொய்யுன்னு சொன்னா என் வேலை என்னத்துக்கு ஆகும்?" என்பார். பொய் சொன்னது கவர்மென்ட்டா, நீங்களா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சில வருஷங்களில் கலர் டி.வி. வந்தது. அதே தயாரிப்பாளர் மறுபடி வந்தார். அந்தக் குடும்பங்கள் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று காட்ட வேண்டுமாம். எனக்குப் பதினொரு வயது. முடி தோள்வரை வளர்ந்திருந்தது. பற்கள் எல்லாம் இருந்தன. இந்தத் தடவை நான் போகமாட்டேன் என்று கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். அப்பா கெஞ்சினார், மிரட்டினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. அந்த மௌனத்தை நம்பித்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

தயாரிப்பாளர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தையும் வரட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையாக வரட்டும். அக்கம்பக்கத்தோடு ஒற்றுமையாக இருப்பதையும் காட்டிய மாதிரி ஆயிற்று. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, நீயும் டி.வி.யில வரப்போற" என்றார்.

கையில் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கிண்ணம். அதில் பஞ்சாபி ஆன்ட்டி செய்த கேரட் அல்வா. நான் வெளியே போய், எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, கதவைத் தட்டி, "நமஸ்தே ஆன்ட்டி, மம்மி அனுப்பினாள்" என்று சொல்ல வேண்டும். அம்மா, உள்ளே வா மகளே என்று இந்தியில் சொல்ல வேண்டும்.

நான் தட்டினேன். கதவு திறந்தது. விளக்குகளின் வெளிச்சத்தில் அம்மா புதுப் பட்டுப்புடவையில் நின்றாள். "நமஸ்தே ஆன்ட்டி" என்றேன். சத்தமாக, தெளிவாக, அவளுக்கு வலிக்கட்டும் என்றே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "எங்கட்டி போயிருந்த இவ்வளவு நேரமா?" என்றாள்.

தயாரிப்பாளர் கேமராவை நிறுத்தச் சொன்னார். தமிழ் அழகாக இருக்கிறது, ஆனால் என்ன சொன்னார் என்று கேட்டார். வரவேற்றாள் என்றார் அப்பா. மறுபடி எடுத்தார்கள். நான் மறுபடி ஆன்ட்டி என்றேன். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாவது தடவை அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். இந்தப் பெண் பிறவி நடிகை என்று தயாரிப்பாளர் என் முதுகில் தட்டினார். நான் அந்த அல்வாவைத் தொடவில்லை.

அன்றிலிருந்து அம்மாவை ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன். ஆன்ட்டி, தோசை வேண்டும். ஆன்ட்டி, ஜடை பின்னி விடுங்கள். அப்பா அதட்டினார். அண்ணன் சிரித்தான். அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்ட குரலுக்கு வந்தாள். எனக்குத் தலை பின்னும்போது அவள் கை வழக்கத்தைவிட மெதுவாகப் போகும். அது என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது. திட்டியிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

நிகழ்ச்சி கலரில் வந்தது. கொஞ்ச நாளில் நவராத்திரி. மதராஸிகளின் பொம்மைக் கொலுவைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவின் மேலதிகாரியின் மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு அன்று ஒரே பரபரப்பு. வழக்கம்போல் என்னிடம் வந்தார். "அந்தம்மா வந்துட்டுப் போற வரைக்கும் நீ ஆன்ட்டி வீட்ல..."

"அவ எங்கயும் போகமாட்டா" என்றாள் அம்மா, கொலுப்படியைத் துடைத்துக்கொண்டே. "சுண்டல் குடுக்க ஆள் வேணும்லா."

அந்த அம்மாள் வந்தார். கொலுவைப் பார்த்து வியந்தார். அண்ணனை, அக்காவை அணைத்துக்கொண்டார். பிறகு கூடத்தில் இருந்த மற்றப் பெண்களுக்கும் கேட்கும்படி, இரண்டே குழந்தைகள், எவ்வளவு சுகமான வீடு, பாருங்கள் என்று இந்தியில் சொன்னார். நான் சுண்டல் தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். "தீன்" என்றாள். மூன்று.

அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். தீன் இல்லை பெஹன்ஜி, தோ, தோ. இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் எண்ணத் தெரியவில்லையே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், டி.வி.யில் சிரித்தாரே அதே சிரிப்பு.

அம்மா சிரிக்கவில்லை. கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினாள். "தீன்" என்றாள் மறுபடி.

அந்த அம்மாள் அன்பாக அம்மாவின் கையைப் பிடித்து, மூன்றாவது விரலை மடக்கிவிட்டார். குழந்தைக்கு எண்ணச் சொல்லித் தருவதுபோல, "தோ" என்றார்.

நான் தட்டோடு போய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். "அம்மா" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. அம்மா என்னைப் பார்க்காமலே அந்த விரலை மறுபடி நிமிர்த்தினாள். அதற்குள் அந்த அம்மாள் என் தட்டிலிருந்து சுண்டலை எடுத்துக்கொண்டு, உன்னையும் டி.வி.யில் பார்த்தேனே, நல்ல பெண், உன் வீடு எந்தப் பக்கம் பேட்டா என்று கேட்டார்.

"இதுதான்" என்றேன்.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.